வெண்ணெய் நிறப் பட்டு

ஸ்டோன்கேட் தெருவில் இருந்த தன் தையல் கடைக்குள் சீமாட்டி தாமசின் ஸ்கெல்டன் நுழைவதைப் பார்த்ததும், டார்கஸ் ஹார்லண்ட் பல்லிடுக்கில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டுப் பஞ்சுத் திண்டில் செருகினாள். நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று அந்த முகமே சொல்லிவிட்டது. யார்க் நகரத்து லார்ட் மேயரின் மனைவி பட்டப்பகலில் நாற்காலிப் பல்லக்குகூட வைத்துக்கொள்ளாமல், சேறு தெறித்த பாவாடையோடு நடந்தே வந்திருக்கிறார்.

"உக்காருங்கம்மா. கவுன் எங்கயாவது பிடிக்குதா?"

"பிடிக்கிறதுக்கு அதைப் போட்டாத்தானே டார்கஸ்! கவுனே வேண்டாமாம்."

"யாருக்கு வேண்டாமாம்?"

"அந்தப் படக்காரனுக்கு."

டார்கஸுக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரம் உட்கார்ந்து தைத்த கவுன் அது. முதுகில் இரண்டு பெட்டி மடிப்பு விழுந்து தரைவரை ஓடும். கழுத்திலிருந்து இடுப்புவரை அதே பட்டில் சுருக்கு வைத்த பூக்கள். முழங்கையில் மூன்றடுக்கு லேஸ். லண்டன் தறியிலிருந்து வரவழைத்த பட்டு. அதன் நிறம்தான் ஊரில் பேச்சாகியிருந்தது. மே மாதப் புல்லை மேய்ந்த பசுவின் வெண்ணெய் எந்த மஞ்சளோ, அந்த மஞ்சள்.

வேறு எந்த நிறமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி டார்கஸே கெஞ்சிப் பார்த்தாள். பார்னபி ஸ்கெல்டன் வெண்ணெய்த் தொட்டி சுமந்து வாழ்க்கையைத் தொடங்கியவர். இன்று யார்க் பள்ளத்தாக்கு முழுவதும் கடையும் வெண்ணெய் அவர் கையால்தான் லண்டனுக்குக் கப்பலேறுகிறது. பிப்ரவரியில் அவர் லார்ட் மேயர் ஆனதும், பிரபு வீடுகளில் அவர் மனைவிக்கு 'வெண்ணெய்ச் சீமாட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்கு ஏற்ற நிறத்தையா உடுத்துவது? ஆனால் தாமசின் கேட்கவில்லை. "வித்தது வெண்ணெய்தானே, விஷமா? இதுதான் வேணும்" என்று பட்டின்மேல் கையை வைத்துவிட்டார்.

அந்தக் கவுனோடு படத்துக்கு உட்காரத்தான் அன்று காலை போயிருந்தார். ஆகஸ்டில் குதிரைப் பந்தய வாரம் வரும். சுற்றுவட்டாரத்துப் பிரபுக்கள் எல்லாரும் யார்க்கில் கூடுவார்கள். மேயர் மாளிகையில் விருந்து நடக்கும். அதற்குள் மனைவியின் படம் சாப்பாட்டுக்கூடத்தில் தொங்க வேண்டும் என்பது பார்னபியின் ஆசை. க்ரிஸ்பின் ஃபென்விக் என்ற சித்திரக்காரரை அவரே பிடித்தார். ஃபென்விக் லண்டனில் தொழில் பழகி, மூன்று வருடம் ரோமில் இருந்துவிட்டு வந்தவர். மாரிக் பிரபுவின் மனைவியையே வரைந்தவர்.

"என்னைச் சுத்தி வந்தான், வந்தான், சந்தையில மாட்டைப் பாக்குற மாதிரி," என்றார் தாமசின். "அப்புறம், 'இந்தப் பகட்டெல்லாம் வேண்டாம் சீமாட்டி, உள்ள போய் இதைச் சுத்திட்டு வாங்க'ன்னு ஒரு துணியைக் குடுத்தான். பிரிச்சுப் பாத்தா படுக்கை விரிப்புடி அது! கிரேக்க தேவதையா என்னை வரையப் போறானாம். மாரிக் சீமாட்டியும் அதைச் சுத்திட்டுத்தான் உக்காந்தாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? வேண்டாம்னா, வெண்ணெய்க்காரிக்கு என்ன தெரியும்னுதானே சொல்லுவாங்க? சுத்திட்டு உக்காந்தேன். கண்ணாடியில பாத்தேன்." தாமசினின் குரல் தாழ்ந்தது. "டார்கஸு, பதினோரு வயசுலேருந்து பத்தொம்பது வயசுவரைக்கும் நான் பால்பண்ணையில வெள்ளைத் துணியைக் கட்டிட்டு நின்னவ. அதை அவுத்துப்போட்டு வெளிய வர எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. மாரிக் சீமாட்டி பிறந்ததுலேருந்து பட்டு. அவளுக்கு விரிப்பைச் சுத்திக்கிறது விளையாட்டு. எனக்கு அப்படியா?"

டார்கஸ் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அந்த ஆளைப் பாத்துட்டு வரேன். நீங்க இங்கயே இருந்து ஒரு வாய் டீ குடிங்க. கெண்டி அடுப்பு மேல இருக்கு."

கோனி தெருவில் பொய்முடி செய்பவரின் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஃபென்விக்கின் அறை. படியெல்லாம் முடிக்குப் பூசும் வெள்ளைமாவு. டார்கஸ் தும்மிக்கொண்டே ஏறினாள். கதவைத் திறந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க நெட்டை மனிதர். சட்டைக் கைநுனியில் நாலைந்து நிறம். காதுக்குப் பின்னால் ஒரு தூரிகை.

"நான் டார்கஸ் ஹார்லண்ட். சீமாட்டி ஸ்கெல்டனோட கவுனைத் தைச்சவ."

"ஓ. கவுன் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்ததை ஏன் வேண்டாம்னீங்க?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் நெடுநாளாக ஒரு பதில் தயாராக இருந்தது என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது. "மிஸ் ஹார்லண்ட், முப்பது வருஷத்துக்கு முன்னால வரைஞ்ச படங்களைப் பாத்திருக்கீங்களா? அந்தக் கொண்டை, அந்த அகலப் பாவாடை! இன்னிக்குப் பேரப்பிள்ளைங்க அதைக் காட்டிச் சிரிக்குது. கிரேக்கச் சிலையைப் பாத்து யாராவது சிரிக்கிறாங்களா? உடுப்பு ஒரு பருவம் இருக்கும். முகம்தான் நிக்கும்."

"சிரிக்கட்டுமே! எங்க பாட்டி இப்படி உடுத்தியிருந்தான்னு தெரிஞ்சுக்கிட்டுச் சிரிக்கட்டும். நீங்க போத்தி விடுற விரிப்பை எந்தப் பாட்டி உடுத்தினா?"

"அது ஒரு உயர்ந்த பாணி..."

"சிலைக்குக் குளிராது ஐயா. சீமாட்டி குளிர்ல நடுங்கிட்டு வந்து என் கடையில உக்காந்திருக்காங்க."

அவர் சட்டைக் கைநுனிச் சாயத்தைச் சுரண்டத் தொடங்கினார். அந்த இடைவெளியில் டார்கஸ் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். ஐந்தாறு தேவதைகள் விரிப்பு சுற்றிச் சாய்ந்திருந்தார்கள். ஆனால் முகங்கள்! மாரிக் சீமாட்டிக்கு அவள் ஒருமுறை கவுனுக்கு அளவு எடுத்திருக்கிறாள். 'சீக்கிரம் முடியேன்' என்று சொல்லாமல் சொல்லும் ஒரு சுளிப்பு அந்தம்மாவின் உதட்டோரத்தில் எப்போதும் இருக்கும். இங்கே அது அப்படியே இருந்தது. இத்தனை கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த மனிதரை எப்படி முழுக்கத் திட்டுவது? அவள் கோபம் சற்றுத் தடுமாறியது.

மூலையில் ஒரே ஒரு படம் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

"அது யாரு?"

"அதைத் தொடாதீங்க!"

ஆனால் தொடாதே என்றால் தொட்டுப் பார்ப்பது தையல்காரியின் கை. படத்தைத் திருப்பிவிட்டாள். இளம்பெண் ஒருத்தி. முகம் இப்போதே பேசிவிடும் போல இருந்தது. கழுத்துக்குக் கீழே நீலமாக ஏதோ விறைத்துக்கொண்டு நின்றது. மடித்து வைத்த கூரைத் தகடு மாதிரி.

டார்கஸ் நெடுநேரம் பார்த்தாள். "இது என்ன?"

"பட்டு," என்றார் ஃபென்விக், கேட்கவே முடியாத குரலில்.

"தகரம்னு நினைச்சேன்."

ஃபென்விக் அந்த இடத்திலேயே, படத்துக்கு உட்காருபவர்களின் நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார். காதிலிருந்த தூரிகை கீழே விழுந்தது. அதைக்கூட எடுக்கவில்லை.

"லண்டன்ல எனக்கு முகம் மட்டும்தான் வேலை. உடுப்பு வரையறதுக்குன்னே ஒருத்தர் இருந்தார். முகத்தை முடிச்சு அவருக்கு அனுப்பிடுவோம். பட்டு, லேஸ், முத்து எல்லாம் போட்டு அவர் திருப்பி அனுப்புவார். பாதிப்பேர் அங்க அப்படித்தான் பிழைக்கிறாங்க. அப்புறம் ரோம். அங்க மூணு வருஷமும் கல்லைப் பாத்துப் பாத்து வரைஞ்சேன். கல்லு மடிப்பு எனக்கு வரும். பட்டு வராது."

"அப்போ அந்தக் கிரேக்கம், உயர்ந்த பாணி, பேரப்பிள்ளைங்க சிரிப்பு?"

"அதுவும் நிஜம்தான்." அவர் தரையைப் பார்த்தார். "ஆனா பட்டு வரலைன்னு தெரிஞ்ச பிறகுதான் அதை நான் கண்டுபிடிச்சேன்."

இதைக் கேட்டு டார்கஸ் சிரித்துவிட்டாள். கேலியாகச் சிரிக்கவில்லை. தன் குறையை இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் ஆண்பிள்ளையை அவள் முப்பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. அவருக்கோ முகம் செத்துவிட்டது.

"இனி ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும், இல்லையா?"

"இந்த ஊர்ல எத்தனை சீமாட்டிங்களோட இடுப்புச் சுற்றளவு எனக்குத் தெரியும்னு நினைக்கிறீங்க? ஒண்ணாவது வெளிய வந்திருக்கா?" டார்கஸ் குனிந்து தூரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்குக் காலைல அவங்களையும் கவுனையும் கூட்டிட்டு வரேன். பட்டு எப்படி விழும்னு நான் காட்டுறேன். எப்படி வரையறதுங்கறது உங்க பாடு."

சித்திரக்காரர் மனம் மாறிவிட்டார் என்று மட்டும் அவள் தாமசினிடம் சொன்னாள். பார்னபிக்கு எதுவும் சொல்லவில்லை. படம் முடியும்வரை எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஃபென்விக் ஏற்கெனவே தடை போட்டிருந்ததால், பார்னபி பாட்டுக்குத் தன் வீட்டுக்கு ஒரு தேவதை தயாராவதாக எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தார்.

மே மாதம் முழுவதும் அந்த மாடி அறையில் கழிந்தது. சீமாட்டி ஆனதிலிருந்து தாமசினுக்கு வீட்டில் தொட ஒரு வேலை இல்லை. அடுப்பங்கரைப் பக்கம் போனால் சமையல்காரி எழுந்து நின்றுவிடுகிறாள். அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுவார். வரும்போது தயிர்க்கட்டியும் உலர்ந்த திராட்சையும் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு கூடை. சமையல்காரி எழுவதற்கு முன்பே தானே சுட்டது.

முதல் வாரம் ஃபென்விக் வரைந்த பட்டு பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று முறை சுரண்டி எடுத்தார்.

"நீங்க மஞ்சளைப் பாக்குறீங்க," என்றாள் டார்கஸ். "மஞ்சளை விடுங்க. இதை எங்க பிடிச்சு வெச்சிருக்குன்னு பாருங்க. இங்க, முழங்கையில ஒரு பிடி. இடுப்புல ஒரு பிடி. இந்த ரெண்டுக்கும் நடுவுல அதுக்கு விடுதலை, அது இஷ்டத்துக்கு விழும். நீங்க ஒவ்வொரு அங்குலத்தையும் பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கீங்க. மூச்சு விட முடியாமத் தகரமாயிடுது."

அவர் கவுனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கவுனைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

"அவ சொன்னா சொன்னதுதான் தம்பி," என்றார் தாமசின், வாய் நிறையப் பலகாரத்தோடு. "எனக்கே மூச்சு விட எடம் வெச்சுத் தெச்சவ அவ."

டார்கஸ் மடிப்பு ஒன்றைப் பிடித்துக் காட்டுவாள். அவர் வரைவார். பிறகு விட்டுவிடச் சொல்வார். அது சரிந்து நிற்பதை வரைவார். இப்படி மணிக்கணக்கில். லேஸுக்கு மட்டும் டார்கஸின் உதவி தேவைப்படவில்லை. ஒவ்வொரு கண்ணியாக வரைய முயன்று தோற்றுப்போய் எரிச்சலில் தூரிகையை உதறினார். விழுந்த வெள்ளைப் பொட்டுகளைத் தள்ளி நின்று பார்த்தால் அசல் லேஸ். அதைக் கண்டு மூன்று பேரும் குழந்தைகள் மாதிரி கைதட்டினார்கள். டார்கஸ் வராத நாளில் தூரிகை ஓடுவதில்லை என்பதை முதலில் கவனித்தவர் தாமசின்தான். கவனித்ததைப் பலகாரத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

ஜூன் மாதத்தில் ஒரு பிற்பகல். பார்னபி ஸ்கெல்டனுக்கு ஆவல் பொறுக்கவில்லை. படியேறி, தும்மி, கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார். எதிரே மனைவி மஞ்சள் கவுனில், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் பாதி கடித்த பலகாரத்தோடு, எதற்கோ குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டகத்திலும் அதே மஞ்சள்.

"இது என்ன?" என்றார் பார்னபி. "என் தேவதை எங்க?"

ஃபென்விக் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். தாமசின் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நான்தான் இதை வரையச் சொன்னேன். விரிப்பு சுத்திட்டு உக்கார எனக்குப் பிடிக்கல."

"மாரிக் சீமாட்டிக்கு இருக்கறது உனக்கும் இருக்கணும்னு பாத்தேன் தாமி. அவளுக்கு நீ எதுல குறைச்சல்?"

"அப்போ ஊர் 'வெண்ணெய்'னு சொல்றது உங்களுக்கு அவமானமா இருக்கு. அதை மூடத்தான் விரிப்பு. அப்படித்தானே?"

"அவமானமா? எனக்கா?" பெரிய உடம்பு பார்னபிக்கு. அத்தனையும் காது வரை சிவந்தது. தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே நின்றார். சந்தையில் பத்துப் பேரை ஒரே அதட்டலில் அடக்கும் குரல் இறங்கியது. "அது இல்ல தாமி. முதல் தடவை பண்ணைக்குத் தொட்டி எடுக்க வந்தப்போ உன்னைப் பாத்தேன். கதவுல வெயில். நீ வெள்ளையா ஒண்ணைக் கட்டிட்டு, ரெண்டு கையிலயும் பால் வாளியோட நின்ன. தேவாலயத்துல வரைஞ்சு வெச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத் தொட்டியை மறந்துட்டு வெறும் வண்டியோட வீட்டுக்குப் போயிட்டேன், எங்கப்பா அடி பின்னிட்டார். இவர் 'வெள்ளை உடுப்பு, தேவதை'ன்னு சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் படம்தான் கிடைக்கப் போகுதுன்னு நினைச்சேன்."

தாமசின் கையிலிருந்த பலகாரத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷத்துல இதை ஒரு தடவைகூட சொல்லலையே நீங்க."

"நீ கேக்கலையே."

"நீங்க வெளிய நின்னு பாத்தீங்க," என்றார் தாமசின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் அதுக்குள்ள இருந்தேன். காலைல நாலு மணிக்கு ஈரமா கட்டினா ராத்திரிவரைக்கும் ஈரம். விரலெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். அன்னிக்கு நீங்க வந்தப்போ, இந்த ஆளு என்ன இப்படி மரம் மாதிரி நிக்குறான், வழியை விட்டா கணப்புக்குப் பக்கத்துல போவேனேன்னுதான் நினைச்சேன்."

பார்னபி சட்டகத்தருகே போய் மூக்கு முட்டப் படத்தைப் பார்த்தார். மஞ்சள் மேல் விரலை நீட்டினார். ஃபென்விக் "ஈரம்!" என்று அலறுவதற்குள் விரல்நுனியில் மஞ்சள் ஒட்டிவிட்டது.

"நல்ல சரக்கு," என்றார் பார்னபி, விரலை வெளிச்சத்தில் பிடித்து. முப்பது வருடமாக வெண்ணெயைத் தொட்டுத் தரம் சொன்ன கை. "மே மாசத்து முதல் ரகம். இதையே வரைங்க தம்பி."

அன்றிலிருந்து அவரும் தினம் வந்தார். ஒரு உபயோகமும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்து பலகாரத்தைக் காலி செய்தார். படத்தில் மனைவியின் வாயோரம் சிரிப்பை அடக்குவது போல இருக்கிறதே, அதற்கு அவர்தான் காரணம். அவர் அங்கே தூங்கிக் குறட்டை விடுவார்.

ஆகஸ்ட் வந்தது. பந்தய வாரத்தின் மூன்றாம் நாள் மேயர் மாளிகையில் விருந்து. டார்கஸுக்கு அங்கே இடமில்லை. ஆனால் சீமாட்டியின் லேஸைச் சரிசெய்யும் சாக்கில் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கக் கதவோரம் நின்றுகொண்டாள். பத்துப் பதினைந்து மெழுகுவர்த்திக் கொத்துகளுக்கு நடுவே படம் தொங்கியது. அதன் கீழே தாமசின், அதே கவுனில். எது படம், எது ஆள் என்று ஒரு கணம் கண் தடுமாறும். படத்திலிருந்த பட்டு மூச்சு விட்டது.

மாரிக் சீமாட்டி படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுடன் வந்த ஒல்லி வாலிபன் ஒருவன், எல்லார் காதிலும் விழும்படி, "அடடா! யாராவது ரொட்டி கொண்டு வாங்களேன், தடவிச் சாப்பிடலாம்!" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. எல்லாரும் தாமசினைப் பார்த்தார்கள்.

"தாராளமா சாப்பிடு தம்பி," என்றார் தாமசின், நிதானமாக. "ஆனா ரொட்டியை நீதான் கொண்டு வரணும். உங்க வீட்டுல அது இன்னும் மிச்சம் இருந்தா."

அந்த வாலிபனின் வீட்டுச் சொத்து பாதி சூதாட்டத்தில் போனது ஊரறிந்த கதை. இந்த முறை சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்தவர்களில் மாரிக் சீமாட்டியும் ஒருத்தி. அவளுடைய உதட்டோரச் சுளிப்பு அப்போது காணாமல் போனதை டார்கஸ் பார்த்தாள்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. சிரித்தார்களே தவிர, பிரபு வீட்டுக்காரர்கள் அதன்பின் ஃபென்விக்கிடம் வரவில்லை. வெண்ணெய்க்காரிக்கும் தங்களுக்கும் ஒரே கை படம் எழுதுவதா என்று தோன்றியிருக்கும். மாரிக் பிரபு தன் பிள்ளைகளை வரைய லண்டனிலிருந்து வேறொருவரை வரவழைத்தார். ஃபென்விக் இரண்டு வாரம் சோறு தண்ணீர் சரியாக இல்லாமல் உலாத்தினார். ஆனால் செப்டம்பரில் சீப்பு வியாபாரியின் மனைவி வந்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்தாள். ஹல் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் தலைவரின் மனைவி, சிவப்புப் பட்டும் தங்கக் கடிகாரமுமாக, கிளி ஒன்றைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்தான்: "என்னை நான் உடுத்துற மாதிரியே வரைங்க." உடுத்துவதற்கு முன் எல்லாரும் டார்கஸின் கடைக்குப் போனார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து ஊஸ் நதிக்கரையில் ஃபென்விக்கும் டார்கஸும் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேருக்குமே கட்டாயம் இல்லை. பொய்முடிக் கடைக்காரரோடு தகராறு, அந்த மாவு ஈரச் சாயத்தில் படிந்துவிடுகிறது, வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அவர் புலம்பிக்கொண்டு வந்தார்.

"என் கடைக்கு மேல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு," என்றாள் டார்கஸ், நதியைப் பார்த்தபடி. "வடக்குப் பாத்த ஜன்னல். படம் வரையறவங்களுக்கு வடக்கு வெளிச்சம்தான் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எவ்வளவு வாடகை?"

"வாடகைக்கு விடுறதா இல்ல."

ஃபென்விக் நடப்பதை நிறுத்தினார். முகத்தை வாசிக்கவே பிறந்த மனிதர், அவள் முகத்தை ஒரு முழு நிமிடம் வாசித்தார். காதுமடலில் வழக்கம்போல ஏதோ ஒரு நிறம் ஒட்டியிருந்தது.

"மிஸ் ஹார்லண்ட், நீங்க சொல்றது..."

"கடைப் பலகையில என் பேரு அப்படியே இருக்கும். அதை மாத்தச் சொல்லக் கூடாது. என் வெட்டு மேசை மேல உங்க எண்ணெய்க் குப்பியை வைக்கக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டு போச்சு."

"வைக்க மாட்டேன்."

"வெப்பீங்க. இப்பவே சொல்லி வைக்கிறேன்."

நவம்பரில் திருமணம் முடிந்தது. ஃபென்விக்கின் சாமான்களைக் குடிமாற்றிய நாள் ஸ்டோன்கேட் தெருவுக்கு நல்ல வேடிக்கை. கப்பல் தலைவரின் மனைவி ஆளுயரப் படம் கேட்டிருந்தாள். அது டார்கஸ் வீட்டுக் குறுகிய மாடிப்படியில் திரும்பவில்லை. கடைசியில் ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, கயிறு கட்டித் தெருவிலிருந்து மேலே இழுத்தார்கள். கீழே நின்று லார்ட் மேயர் பார்னபி ஸ்கெல்டன், வெண்ணெய்த் தொட்டி ஏற்றிய நாட்களின் குரலில், "இடது பக்கம்! இழு! டேய், இடதுன்னா இடது!" என்று கத்தினார். பாதி வழியில் காற்று வந்து படத்தைச் சுழற்ற, சிவப்புப் பட்டுக் கப்பல்காரம்மா தெரு முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எதிர்வரிசைக் கடைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.

"ஐயோ, என் கிளி!" என்று மேலேயிருந்து ஃபென்விக் அலறினார். கிளி வரைந்த பகுதி இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, படத்தின் விளிம்பை எட்டிப் பிடித்தாள் டார்கஸ். அவள் இடுப்பை ஃபென்விக் பிடித்துக்கொண்டார். தாமசின் அவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருமாக இழுக்க, படம் உள்ளே வந்து, மூவரையும் தரையில் தள்ளி, மேலே சாய்ந்தது. கிளி டார்கஸின் புதுத் தொப்பியில் பச்சையாக அப்பிக்கொண்டது. அவள் எழுந்து கண்ணாடியில் பார்த்தாள். திட்ட வாயெடுத்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றாள். "அழகாத்தான் இருக்கு. முதல்ல அந்த ஜன்னலை மாட்டுங்க, குளிருது."